வெளித்தாழ்ப்பாள்

அத்தியாயம் பதினொன்று

ராயம்மாள் சொன்ன பொய் ஒன்றும் ஊரில் யாரும் சொல்லாத பொய் இல்லை. சென்ற வாரம் படித்துவிட்டு உங்களில் பாதிப் பேர், "இதுகூடச் சொல்லாமல் ஒரு கல்யாணம் நடக்குமா?" என்று கேட்டிருப்பீர்கள். மீதிப் பேர் பல்லைக் கடித்திருப்பீர்கள். இரண்டு கட்சிக்கும் நான் பொது.

நடந்தது இவ்வளவுதான். மாரண்டஹள்ளி பிலவேந்திரன் வீட்டில் மூத்தவள் பாக்கியமேரிக்கு முப்பது நெருங்குகிறது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இளையவன் சின்னப்பராஜுக்கு அதியமான்கோட்டையில் பெண் முடிவாகிவிட்டது. மூத்தவள் இருக்கும்போது இளையவனுக்கு என்ன அவசரம் என்று பெண் வீட்டார் கேட்டார்கள். அம்மாக்காரி ராயம்மாள் கண்ணை இமைக்காமல், "எங்க பெரியவளுக்கு மடத்துல சேரணும்னு ஆசைங்க. கன்னியாஸ்திரியா போகப்போறா" என்று சொல்லிவிட்டாள்.

பாக்கியத்துக்கு அப்படி ஓர் ஆசை கனவில்கூட வந்ததில்லை. அவளுக்கு வந்ததெல்லாம் வரன்கள். வந்து, காப்பி குடித்து, பஸ் ஏறியபின் தரகரிடம் ஒரே பாட்டைப் பாடி அனுப்பின வரன்கள். "பொண்ணு தங்கமான பொண்ணுதாங்க. நிறம்தான் கொஞ்சம் கம்மி."

அது அவள் அப்பா பிலவேந்திரனின் நிறம். அதே நிறத்தை வைத்துக்கொண்டு அவர் சந்தைக்குப் போகவில்லையா, கோயில் பங்குப் பேரவையில் உட்காரவில்லையா? ஆம்பிளைக்கு நிறத்தை யார் பார்த்தார்கள்!

பெண் வீட்டார் வீடு பார்க்க வரும்போது கூடவே பெண்ணின் அத்தை பெர்னதெத் சிஸ்டரும் வருவதாகத் தகவல் வந்தது. அசல் கன்னியாஸ்திரி. மடத்துக்காரியிடமே மடத்துப் பொய் செல்லுபடியாகுமா? "பெரியவ சேலத்துக்குத் தியானத்துக்குப் போயிருக்கறாங்க" என்று ராயம்மாள் இன்னொரு பொய்யை மேலே போட்டு மூடினாள். பாக்கியத்தைப் புழக்கடைப் பக்கம் இருக்கும் கேழ்வரகு மூட்டை அறையில் உட்கார வைத்தாள். சென்ற வாரம் அந்த அறை வாசலில் நாம் நிறுத்தினோம்.

இப்போது கல்யாண ஓலை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பு, கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. நாளை மூன்றாவது, கடைசி ஓலை. இன்று சனிக்கிழமை, அந்தோணியார் திருநாள். சாயங்காலம் கோயில் மைதானத்தில் பட்டிமன்றம்.

*

"நடுவர் அவர்களே! பெரியோர்களே! தாய்மார்களே!"

காலையிலேயே சின்னப்பராஜ் முற்றத்தில் ஆரம்பித்துவிட்டான். கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க் வேலை. ஆனால் பாலக்கோட்டிலிருந்து ஓசூர் வரைக்கும் அவன் பெயரைச் சொன்னால் ஜனங்கள் சொல்வது கிளார்க் என்றல்ல, பேச்சாளர் என்றுதான்.

பட்டிமன்றத்துக்குத் தலைப்பு: நிறவெறியை வீழ்த்த வல்லது மேடைப் பேச்சா, கதையா?

மாரண்டஹள்ளிக்கும் நிறவெறிக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். பங்குச் சாமியார் போன வருஷம் நேரடியாகச் சாதியைப் பற்றித் தலைப்பு வைத்து வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். இந்த வருஷம் உஷாராகக் கடல் தாண்டிவிட்டார்.

பாக்கியம் கரிப் பெட்டியில் கங்கு போட்டுத் தம்பியின் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்தபடியே காது கொடுத்தாள்.

"பஸ்ஸிலே முன்சீட்டு வெள்ளைக்காம், பின்சீட்டு கறுப்புக்காம்! அந்த பஸ்ஸை உருட்டிக்கொண்டு போன சக்கரம் என்ன நிறமய்யா? கறுப்பு! சக்கரம் வேண்டுமாம், மனிதன் வேண்டாமாம்! அந்த..." நின்றுவிட்டான். கண் அக்காவைத் தேடியது.

அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். அந்தச் சாலை.

"அந்தச் சாலை என்ன நிறமய்யா? தாரைப் பூசி ஓடுகிறீர்களே!" அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலிருந்து இப்படித்தான். சொல் சிக்கினால் அவன் கண் அக்காவிடம் வரும். எந்தக் கூட்டமானாலும் பெண்கள் பக்கம், முதல் வரிசை ஓரத்து இடம் அவளுடையது. ஊரில் யாருக்கும் தெரியாது. அவனுக்கே அது தெரியுமா என்பது அவளுக்குச் சந்தேகம்தான். நடக்கிறவன் காலைப் பார்த்தா நடக்கிறான்?

"எப்பிடிக்கா?"

"நல்லாருக்குது. கைதட்டுவாங்க."

"கைதட்டு வரும், அதுல சந்தேகமில்ல. கடைசியில ஒரு சம்பவம் வேணும்க்கா. உருக்கமா. கேக்கறவங்க கண்ணு கலங்கணும். உங்க பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குச் சொல்வியே, அந்த மாதிரி ஒண்ணு சொல்லேன்."

பாக்கியம் பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கதை சொல்வதால் பிள்ளைகளுக்கு அவள்மேல் உயிர். வீட்டில் அவளிடம் யாரும் கதை கேட்டதில்லை. கேட்டதும் மனசு ஒரு துள்ளு துள்ளியது.

"ஒரு வூட்டுல ஒரு பொண்ணு" என்று ஆரம்பித்தாள். "கறுப்பா இருப்பா. விருந்தாளி வந்தா அவளை மூட்டை ரூம்புல வெச்சுக் கதவைச் சாத்திடுவாங்க."

"ம்."

"கதவுக்கு அடியில பூனை போறதுக்குச் சந்து விட்டிருக்கும். எலி புடிக்க. அந்தச் சந்துல அவளுக்கு வந்தவங்க செருப்பு மட்டும்தான் தெரியும். ஒரு நாளு ஒரு அம்மா வர்றாங்க. ஒரு செருப்பு சர்ர் சர்ர்னு தேயுது. வாரு அறுந்துருக்குது. கால் கழுவ வந்தவங்க அதைக் கதவுகிட்டயே உட்டுட்டு உள்ள போறாங்க. இந்தப் பொண்ணு சந்துல கையை உட்டு அந்தச் செருப்பை உள்ள இழுத்துக்கறா. மூட்டை தைக்கிற கோணி ஊசி இருக்குது, சணல் இருக்குது. தைச்சு, மறுபடியும் அதே எடத்துல தள்ளி வெச்சுடறா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? போறப்ப அந்தச் செருப்பு தேயற சத்தம் கேக்கல. அவ்வளவுதான் கதை."

சின்னப்பராஜ் தாடையைத் தடவினான். "இதுல அழுகை எங்கக்கா இருக்குது?"

"தெரியல."

"பரவால்ல, நான் ஏத்திக்கறேன். கதவை யாரு சாத்தறது?"

பெட்டியைச் சட்டைமேல் வைக்காமல் தூக்கிப் பிடித்தபடியே அவள் சொன்னாள். "தம்பி. அம்மா சொன்னாங்கன்னு வெளித் தாப்பாளைப் போட்டுட்டு, தலை சீவிக்கிட்டே போறான்."

"அது வேண்டாம்க்கா. கதை வேற பக்கம் திரும்பிடும். அமெரிக்காவுல ஒரு வெள்ளைக்காரன் வூடு, இவ வேலைக்காரப் பொண்ணுன்னு வெச்சுக்கறேன். அப்பத்தான் எடுபடும்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. மறைக்கிறான் என்றால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மறந்தே போயிருந்தான். அன்று கையில் சீப்போடு வந்து தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டுப் போனது அவனுக்கு ஒரு காரியமாகவே பட்டிருக்கவில்லை.

"சட்டையைக் குடுக்கா, கருகிடப் போவுது" என்றான்.

*

உள்ளே போனால் ராயம்மாள் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்கும்மா?"

"சிஸ்டர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தாங்க. மடத்துத் தலைவி மதர்கிட்ட பேசி உனக்கு எடம் வாங்கிட்டாங்களாம். வயசு கூடத்தான், இருந்தாலும் சிஸ்டருக்காக ஒத்துக்கிட்டாங்களாம். திங்கக்கெழம சிஸ்டரோடயே பஸ் ஏறிடு."

பாக்கியத்துக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பொய்க்குக் கால் முளைத்து, அது இடம் பிடித்து, டிக்கெட்டும் எடுத்துவிட்டதே!

"நான் எப்பம்மா போறேன்னு சொன்னேன்?"

"போகலேன்னு சொல்லு. நாளைக்கு மூணாவது ஓலை. 'பொய் சொன்ன வூடு'ன்னு பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிடட்டும். உன் தம்பி தாடி வளர்த்துக்கிட்டுத் திரியட்டும். சந்தோஷமா உனக்கு?"

ராயம்மாள் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு குரல் இறங்கியது.

"உன்ன எத்தினி நாளைக்குடி நான் ரூம்புல வெக்கறது? மருமக வந்துட்டா அவ சொந்தம், அவ பந்தம்னு வந்துக்கிட்டே இருப்பாங்க. அங்க போனா நாலு பேரோட ஒக்காந்து சாப்பிடுவ. எல்லாருக்கும் ஒரே துணி, ஒரே முக்காடு. யாரும் உன்ன ஏற எறங்கப் பாக்க மாட்டாங்க. பெத்தவ எனக்கு மட்டும் வலிக்காதா?"

வலிக்கும்தான். அது பாக்கியத்துக்குத் தெரியும். அம்மாமேல் முழுசாகக் கோபப்படக்கூட அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். "டீச்சர், அப்புறம்?" என்று மடியைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அவள் நிறம் இன்னும் கண்ணில் படவில்லை.

பிலவேந்திரன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். அவர் எப்போதும் அப்படித்தான்.

*

கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அதனால் மணப்பெண் ராஜமேரி திருநாளுக்கு நேரே கோயில் மைதானத்துக்கு வந்திருந்தாள். கூட அத்தை பெர்னதெத் சிஸ்டர்.

ராஜமேரி சிவப்பு. ஊர்ப் பெண்கள் பந்தலுக்குள் வந்த சாமியை விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்தார்கள். அவளோ யாரையும் பார்க்காமல் அத்தையின் முந்தானை நிழலிலேயே நின்றாள்.

"இதுதாங்களா நம்ம பாக்கியமேரி?" சிஸ்டர் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு வூட்டுக்கு வந்தப்ப பாக்க முடியலையே கண்ணு. தியானம் எல்லாம் நல்லபடியா இருந்துதா?"

ராயம்மாள் முந்திக்கொண்டாள். "ரொம்ப நல்லா இருந்துதாங்க சிஸ்டர். வந்ததுல இருந்து அதே பேச்சுதான்."

"சந்தோஷம். திங்கக்கெழம காலையில முதல் பஸ்சு. பயப்படாத, நான் பக்கத்துலயே இருக்கறேன்."

பிடித்த கை இதமாக இருந்தது. யாரோ தன் கையை இவ்வளவு நேரம் பிடித்திருந்து எத்தனை நாளாயிற்று என்று பாக்கியத்துக்குத் தோன்றியது. நல்ல மனுஷி. இந்த நல்ல மனுஷியிடம் எப்படி இல்லை என்று சொல்வது? தலையை ஆட்டினாள். அது ஆம் என்றும் ஆகும், சும்மா என்றும் ஆகும்.

ராஜமேரி மட்டும் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

உட்காரும்போது ராயம்மாள் பின்னால் சொந்தக்காரிகளோடு போய்விட்டாள். முதல் வரிசை ஓரத்தில் பாக்கியம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சிஸ்டர், அவருக்கு அப்பால் ராஜமேரி.

*

நடுவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சென்னப்பன். கதைக் கட்சிக்குத் தபால் ஆபீஸ் ராஜாமணி. பாவம், அவன் வாயைத் திறந்ததுமே மைக் கரகரத்தது.

"பேச்சைக் கேட்டா கைதட்டுவோம்" என்றான் ராஜாமணி. "கைதட்டுறப்போ என்ன நெனைக்கறோம்? பக்கத்துல ஒக்காந்திருக்கறவனுக்கு நல்லா ஒறைக்கட்டும்னு நெனைக்கறோம். கதை படிக்கறப்போ பக்கத்துல யாரும் இல்லீங்க. நாமளும் அந்தக் கதையில வர்ற ஆளும் மட்டும்தான். தப்பிச்சு ஓட எடம் கெடையாது."

இதற்கு ஒரு கைதட்டுகூட விழவில்லை. பாக்கியத்துக்கு மட்டும் எழுந்து போய் அவன் மைக்கைச் சரிசெய்யலாமா என்றிருந்தது.

பேச்சுக் கட்சிக்குச் சின்னப்பராஜ் எழுந்தான். தேய்த்த சட்டை, சீவின தலை. மைக்கூட அவனைக் கண்டதும் கரகரப்பை நிறுத்திக்கொண்டது.

"நண்பர் சொன்னார், கதை படிக்கிறவன் தனியாக இருக்கிறான் என்று. நான் கேட்கிறேன், தனியாக அழுதவன் எந்தக் கதவைத் திறந்தான்? கதை படிக்க எழுத்துத் தெரிய வேண்டும். இந்தக் கூட்டத்திலே எத்தனை தாய்மார்களுக்குத் தெரியும்? பேச்சுக்குக் காது போதுமய்யா, காது போதும்! போன வருஷம் இந்த அந்தோணியார் தேர் முதன்முதலாகக் கீழத்தெருவுக்குள் போனதே, கதை படித்துவிட்டா போனது? இதே மேடை! இதே மைக்! ஆயிரம் பேர் கேட்டோம், ஆயிரம் பேரும் ஒன்றாக எழுந்து வடம் பிடித்தோம்!"

பந்தல் அதிர்ந்தது. பாக்கியமும் கைதட்டினாள். அது பொய் இல்லை. போன வருஷம் அவன் பேசித்தான் தேர் திரும்பியது. வெட்கப்பட்டு ஒருவன் வீட்டுக்குள் இருந்தால் ஒன்றும் நடக்காது. நாலு பேர் சேர்ந்து வெட்கப்பட்டால்தான் தேர் நகரும். தம்பி அதைச் செய்தவன். அவன் கெட்டவன் என்றால் அவளுக்கு இவ்வளவு கஷ்டமே இல்லையே.

சக்கரம் வந்தது, கைதட்டல். நடுவில் ஒரு சொல் சிக்கியது. கண் முதல் வரிசை ஓரத்துக்கு வந்தது. அவள் உதட்டை அசைத்தாள். அவன் சாலைக்கு ஓடினான். மறுபடி கைதட்டல்.

"கடைசியாக ஒரு சம்பவம். அமெரிக்க தேசத்திலே ஒரு வெள்ளைக்காரன் மாளிகை. அங்கே ஒரு கறுப்பின வேலைக்காரப் பெண்..."

குரலை இறக்கிக்கொண்டான். விருந்தாளிகள், தானிய அறை, சாத்தின கதவு, பூனைச் சந்து. அலங்காரம் செய்யலாம் என்றுதான் ஆரம்பித்தான். ஆனால் அந்தக் கதைக்கு அலங்காரம் ஒட்டவில்லை. போகப் போக அவன் அவள் சொன்ன மாதிரியே சொல்லத் தொடங்கினான்.

தன் வார்த்தை ஒலிபெருக்கி வழியாகப் புளியமரத்தில் மோதித் திரும்பி வருவதைப் பாக்கியம் கேட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் இத்தனை ஜனம். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். திரும்பிப் பார்த்தாள். அம்மா! ராயம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் இருக்கும் யாரோ ஒரு பெண்ணுக்காக.

பாக்கியத்துக்கு அந்த அமெரிக்கப் பெண்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. அவளுக்காக அழ இந்த ஊரில் இத்தனை பேர்.

"கோணி ஊசி எடுத்தாள். சணலை எடுத்தாள். அறுந்த வாரைத் தைத்து, அதே இடத்தில் தள்ளி வைத்தாள். அந்த அம்மாள் திரும்பிப் போகும்போது செருப்பு தேயும் சத்தம் கேட்கவில்லை..."

பக்கத்தில் சிஸ்டர் அசைந்தார். மெல்லக் குனிந்தார். புடவைக் கரையை இரண்டு விரலால் தூக்கித் தன் காலைப் பார்த்தார்.

பழைய தோல் செருப்பு. இடது கால் வாரில், நாலு தையல். சணல்.

சின்னப்பராஜ் முடித்துவிட்டான். ஒருவரும் கைதட்டவில்லை. அவன் ஒரு கணம் பயந்தே போனான்.

நடுவர் சென்னப்பன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "சின்னப்பராஜ் தம்பி பேசினப்போ எல்லாம் கை தட்டுனீங்க. கடைசியில சொன்னாரே, அப்ப ஏன் யாரும் தட்டல? கை எங்கயோ போயிடுச்சு, கண்ணைத் தொடைக்கப் போயிடுச்சு. ஆனா அது பேச்சு இல்லீங்களே, கதைங்களே! தம்பி தன் கட்சியைத் தானே தோக்கடிச்சுட்டாரு. தேர் திரும்பினது பேச்சாலதான், அதை நான் மறுக்கல. ஆனா இன்னிக்குத் தீர்ப்பு கதைக்கு."

சிரிப்பும் ஆரவாரமும் கிளம்பின. ராஜாமணி யார் யாருக்கோ கும்பிடு போட்டான்.

*

கூட்டம் கலைந்தது. ஜனம் தேர்ப் பக்கம் நகர்ந்தது. சிஸ்டர் எழுந்திருக்கவில்லை.

"அன்னிக்கு உங்க வூட்டுக்கு வர்றப்போ பஸ்ல இருந்து எறங்கறப்பவே வாரு அறுந்துடுச்சு" என்றார், யாரிடமோ சொல்வது மாதிரி. "திரும்பிப் போறப்ப நல்லாருந்துது. மடத்துக்குப் போய்த்தான் பார்த்தேன், தைச்சிருக்குது. உங்கப்பாதான் தைச்சு வெச்சிருப்பார்னு நெனைச்சேன்." நிமிர்ந்தார். "பாக்கியம், நீ அன்னிக்குத் தியானத்துக்குப் போகல."

கேள்வியாகக்கூட அவர் கேட்கவில்லை.

ராஜமேரி அத்தையின் தோளுக்குப் பின்னால் நின்றாள். ராயம்மாள் தூரத்திலிருந்தே விபரீதத்தை மோப்பம் பிடித்து வேகமாக வந்துகொண்டிருந்தாள். இப்போது சொன்னால் நாளை ஓலை நின்றாலும் நிற்கும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் பஸ்.

பேச்சாளரைப் போலப் பேச பாக்கியத்துக்கு வராது. கதையாகச் சொல்லவும் இனி தெம்பு இல்லை.

"போகலீங்க சிஸ்டர். அந்த ரூம்புக்குள்ளதான் இருந்தேன். மடத்துல சேரணும்னு எனக்கு ஆசை இருந்ததில்லீங்க. நீங்க நல்லவங்க. உங்ககிட்ட பொய் சொல்லிக்கிட்டு சாமிகிட்ட வரமுடியாதுங்க. நான் திங்கக்கெழம வரல. என் பள்ளிக்கூடத்துக்குப் போறேன்."

"அய்யோ, இவ ஏதோ ஒளர்றா சிஸ்டர்!" வந்து சேர்ந்த ராயம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "கதையைக் கேட்டு மனசு கலங்கிக் கெடக்குறா..."

"நீங்களுந்தானே கலங்குனீங்க?" என்றார் சிஸ்டர். அதட்டாமல்தான் கேட்டார். ராயம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் கண் ஈரம் இன்னும் காயவில்லை. யாருக்காக அழுதோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. மகளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

"மதருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார் சிஸ்டர். "எங்க அண்ணனுக்கு என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

அந்த நேரம் பார்த்துச் சின்னப்பராஜ் வந்தான். கழுத்தில் மாலை, முகமெல்லாம் பல். தோற்றவன் மாதிரியா இருந்தான்? கூட்டம் அழுததில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ராஜமேரியைக் கண்டதும் மாலையைச் சரிசெய்துகொண்டான்.

"அக்கா! பாத்தியா? தீர்ப்பு போனா போவுது. ஜனம் அழுதுச்சு பாத்தியா?"

அத்தை முந்தானை நிழலைவிட்டு ராஜமேரி வெளியே வந்தாள். கல்யாணப் பெண் மாப்பிள்ளையிடம் பேசும் வழக்கமில்லை. ராயம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க" என்றான். குரலில் மேடை இன்னும் இறங்கவில்லை.

"கதவு சாத்தியிருந்துதுன்னு சொன்னீங்க. வெளியில தாப்பாள் போட்டது யாருன்னு சொல்லவே இல்லீங்களே. யாருங்க அது?"

"அது வந்துங்க... அந்த அமெரிக்கா வெள்ளைக்காரன்..." என்று ஆரம்பித்தான். சிஸ்டர் காலை முன்னால் நீட்டி வைத்திருந்தார். சணல் தையல்மேல் அவன் பார்வை விழுந்தது. அப்புறம் அம்மாவின் முகத்துக்குப் போயிற்று. அங்கிருந்து எங்கே போனதோ, அந்த முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கை தானாகத் தலைமுடியைத் தொட்டு, அப்படியே நின்றது.

ராஜமேரி காத்துக்கொண்டு நின்றாள்.

அவன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. மணிக்கணக்கில் பேசுகிறவனுக்கு ஒரே ஒரு சொல் வரவில்லை. பழக்கம் விடுமா, கண் அக்காவைத் தேடியது.

பாக்கியம் அவனை நேராகப் பார்த்தாள். உதட்டை அசைக்கவில்லை.